தொட்டுட்டுத் திரும்புனவன்

கபடி தொட்டு ஆடுகிற ஆட்டம். எங்கள் பக்கம் சடுகுடு என்போம். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிராளி எல்லைக்குள் போய், ஒருத்தனையாவது தொட்டுவிட்டு, அதே மூச்சில் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். தொடப்பட்டவன் வெளியே போக வேண்டும். பிடிக்கிறவனும் எட்ட நின்று பிடிக்க முடியாது. இடுப்பைக் கட்டணும், கெண்டைக்காலை வாரணும், மேலே விழுந்து அமுக்கணும். வேர்வை யாருடையது, மண் யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஊர்ச் சட்டத்தில் தொட்டவன்தான் குற்றவாளி. இந்த ஆட்டத்தில் தொட்டவன் ஜெயிச்சவன். இவ்வளவு தீட்டுப் பார்க்கிற சமூகத்தில் இப்படி ஓர் ஆட்டம் எப்படித்தான் முளைத்ததோ!

அதனால்தான் இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிற சேரிப் பிள்ளைக்குத் தண்டனையும் தனியாக இருக்கிறது. ஆடுவதற்கு யாரும் கோபப்படுவதில்லை. நம்ம பிள்ளைகள் தோற்கிற வரைக்கும் அவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

2025 மார்ச் 10. தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் அரியநாயகபுரம். பதினோராம் வகுப்புப் படிக்கும் தலித் மாணவன் ஒருவன் பரீட்சை எழுத பஸ்ஸில் போகிறான். வழியில் பஸ்ஸை மறித்து, அவனை வெளியே இழுத்துப் போட்டு அரிவாளால் வெட்டினார்கள். கையில் மூன்று விரல்கள் துண்டாகிப் போயின. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் விரல்களைத் தைத்துச் சேர்த்தார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். பிடிபட்டவர்களும் பதினெட்டு வயது ஆகாத பையன்கள். வெட்டினவனும் பிள்ளை, வெட்டுப்பட்டவனும் பிள்ளை. அரிவாளை அந்தப் பிள்ளை கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது யார் என்கிற கேள்வியை நாம் கேட்காமல் இருக்க முடியாது. 2023இல் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டின பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. கையில் சாதிக்கயிறு கட்டக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. அடுத்த மார்ச்சில் இது.

இந்தச் செய்தி வந்தபோது தஞ்சாவூரில் டீக்கடையில் ஒருத்தர் சொன்னார்: "அது தெக்கத்திச் சீமைங்க. நம்ம பக்கம் அந்த மாதிரியெல்லாம் கெடையாது." நான் எதுவும் பேசவில்லை. நம்ம பக்கம் எந்த மாதிரி என்று எனக்குத் தெரியும்.

1985 பொங்கல். நான் ஏழாவது, எங்க அண்ணன் பத்தாவது. முன்னாலேயே அறுத்த ஒரு மா நிலத்துல பயறு தெளிக்காம விட்டு, கட்டி ஒடச்சுச் சமன் பண்ணி ஆடுகளம் போட்டிருந்தாங்க. நெலம் பண்ணையோடது. கப்பும் பண்ணை குடுக்குறது. வரப்புல நாற்காலி போட்டு ஒக்காந்திருந்ததும் பண்ணைதான். எங்க தெருப் பசங்களையும் பேரு குடுக்கச் சொல்லுவாங்க. அதுல ஒரு பெருந்தன்மை. வருசா வருசம் மொத ஆட்டத்துலயே எங்கள வெளிய அனுப்பிட்டு, மிச்ச நேரத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்பு சொமக்கவும் கூட்டத்த ஒதுக்கவும் வச்சுக்குவாங்க.

அந்த வருசம் அண்ணன் ஆடுனுச்சு. ஆளு வெடவெடன்னு இருக்கும். ஆனா மூச்சு இருக்கே, அது ஆறு குடுத்த மூச்சு. மாடு குளிப்பாட்டப் போற எடத்துல இந்தக் கரையில முங்கி அந்தக் கரையில ஏந்திரிக்கும். பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியார் அந்த மூச்சப் பாத்துட்டுத்தான் டீமுல சேத்திருந்தாரு. கடைசி ஆட்டம் மேலத்தெருவோட. அவங்க பக்கம் மூணு பேரு மிச்சம், எங்க பக்கம் அண்ணன் ஒண்டி ஆளு. பாடிக்கிட்டுப் போச்சு. ஒருத்தன் கால வாருனான், இன்னொருத்தன் இடுப்பக் கட்டுனான், மூணாவது ஆளு முதுகுல விழுந்தான். மூணு பேரையும் இழுத்துக்கிட்டு வந்து, மண்ணுல மொகத்தப் பதிச்சபடி, வெரல நீட்டி நடுக்கோட்டத் தொட்டுச்சு. பாட்டு நிக்கல. மூணு பேரும் அவுட்டு. அதுல ஒருத்தன் பண்ணையோட தம்பி மவன்.

யாரும் கைதட்டல. எங்க சனம் வரப்புக்குக் கீழ நின்னுச்சு. தட்டணும்னு தோணலையா, தைரியம் வரலையா, இன்னைக்கும் எனக்கு வெளங்கல. ஒரு கெழவி மட்டும் "என்னப் பெத்தாரு"ன்னு வாய்க்குள்ளயே சொன்னது காதுல விழுந்துச்சு. கப்ப நாளைக்கு வந்து வாங்கிக்கன்னு சொல்லிட்டு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க.

மறுநாள் காலையில காரியக்காரர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கூப்புட்டாரு. "ஏண்டா, ஒம் மவனுக்குக் காலு நீண்டு போச்சாமே?" அப்பா துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு அண்ணனக் கூட்டிக்கிட்டுக் களத்துமேட்டுக்குப் போனாரு. நானும் பின்னாலயே ஓடுனேன். போற வழியெல்லாம், "விழுந்து கும்புட்டுடுடா, ஒரு தடவ விழுந்துட்டா முடிஞ்சுபோயிரும்"னு சொல்லிக்கிட்டே வந்தாரு. அண்ணன் விழல. நின்னுச்சு. என்ன தப்புப் பண்ணுனேன்னு ஒரே ஒரு தடவ கேட்டுச்சு.

போரடிக்கிற மாட்டுக்கயிறு அங்க கெடந்துச்சு. அப்பா அத எடுத்தாரு. "ஆண்டே, பொறுத்துக்கணும் ஆண்டே"ன்னு சொல்லிக்கிட்டே அண்ணன அடிச்சாரு. முதுகுல அடிக்கல. கெண்டைக்கால்ல அடிச்சாரு. ஜெயிச்ச காலுல. கடைசியில பண்ணைதான் சொன்னாரு: "போதும்டா, புள்ளையக் கொன்னுபுடாத." எரக்கமும் அவரோடதாப் போச்சு.

அன்னைக்கி ராத்திரி அம்மா வேப்பெண்ணெய் தடவிவிட்டுச்சு. அப்பா சோறு திங்கல. திண்ணையிலயே கெடந்தாரு. அவரு கணக்கு எனக்கு வயசானப்புறம்தான் புரிஞ்சுது. தான் அடிச்சுட்டா அவங்க அடிக்க மாட்டாங்க. அவங்க அடிச்சா எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்கன்னு அவருக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர ஒரு குடிசைக்குள்ள வச்சுக் கொளுத்துனது எங்க ஊருலேருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். கூலி கூடக் கேட்டதுக்கு அது. மறுநாள் அந்தச் சாம்பலப் போயிப் பாத்துட்டு வந்தவரு எங்க அப்பா.

தஞ்சைப் பண்ணையாள்களைச் சவுக்கால் அடிப்பதும், சாணிப்பால் கரைத்து வாயில் ஊற்றுவதும் 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தோடு ஒழிந்தது என்று வரலாற்றில் எழுதியிருக்கிறது. உண்மைதான். சீனிவாச ராவும் செங்கொடிச் சங்கமும் போராடி ஒழித்தார்கள். எங்க தாத்தா முதுகில் அந்தத் தழும்பு இருந்தது, அப்பா முதுகில் இல்லை. நாற்பது வருசம் கழித்து அந்தக் கயிறு எங்க அப்பா கைக்கே வந்து சேர்ந்தது என்பதை மட்டும் எந்த வரலாற்றிலும் எழுதவில்லை. எங்க ஊரும் கொடி ஏறின ஊர்தான். சங்கத்தில் போய்ச் சொன்னோம். "கூலிப் பிரச்சினைன்னா கேக்கலாம், விளையாட்டு விசயத்துக்கு எப்படிப்பா?" என்றார்கள். நெல்லுக்கு மரக்கால் இருக்கிறது. மானத்துக்கு எந்த மரக்கால்?

பள்ளிக்கூடம் திறந்ததும் டிரில் வாத்தியார் அண்ணனத் தனியாக் கூப்புட்டு, "இனிமே கிரவுண்டு பக்கம் வராதடா. ஒனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல"ன்னு சொல்லிட்டாரு. மாவட்டப் போட்டிக்கு வேற பையன் போனான். பத்தாவது பரீட்ச எழுதுன கையோட அண்ணன் திருப்பூருக்கு பஸ் ஏறிருச்சு. பனியன் கம்பெனியில முப்பத்தஞ்சு வருசம். நல்லா இருக்கு, பேரன் பேத்தி எடுத்துருச்சு. 2014லேருந்து டி.வி.யில புரோ கபடி ஓடுது. பேரன் அதப் போட்டா, அண்ணன் எழுந்து வாசப்பக்கம் போயிரும்.

இதை அண்ணன் ஒருத்தரோட தலைவிதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்தக் கதைக்கு நூறு வருசத்துக்கு மேல் வயசு. பல்வங்கர் பாலு என்று ஒருவர். தலித். புனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் புல் வெட்டி, வலை கட்டி, அவர்களுக்குப் பயிற்சிக்குப் பந்து போட்டுப் பழகினார். பந்து போட விட்டார்கள், மட்டையைத் தரவில்லை. பிறகு இந்துக்கள் அணியில் சேர்த்தார்கள், ஜெயிக்க வேண்டுமே. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். டீ மட்டும் வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தவர் அவர். அந்த அணிக்குத் தலைவராக அவரைக் கடைசிவரை ஆக்கவே இல்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

தஞ்சாவூருக்குத் தெற்கே பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளின் மகள் சாந்தி. தாத்தாதான் ஓடக் கற்றுக்கொடுத்தார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பால் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 2012இல் அவர் நாளுக்கு 200 ரூபாய்க்குச் செங்கல் சூளையில் நின்றார். 2016இல்தான் அரசு பயிற்சியாளர் வேலை கொடுத்தது. அந்தப் பரிசோதனையே சாதிக் கணக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதக்கம் போன அன்று அவருக்காகப் பேச ஓர் ஆள் வரவில்லையே, அதில் எல்லாக் கணக்கும் சேர்ந்துதான் இருந்தது.

வெட்டுக்கும் அடிக்கும் வழக்குப் போடலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே வந்துவிட்டது. எந்தச் சட்டத்திலும் அடங்காத ஒன்று உண்டு. எங்க தெருவில் பிள்ளைகள் வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது தாய்மார்கள், "பாத்து ஆடுங்கடா" என்பார்கள். கை கால் முறியாமல் ஆடச் சொல்வதாக வெளியாள் நினைத்துக்கொள்வான். எங்களுக்கு அதன் அர்த்தம் வேறு. ஐந்தாறு வருசத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில் என் சித்தப்பா மவன், ஒரு புள்ளி எடுத்தால் ஜெயிப்பு என்கிற நேரத்தில், தொட்டுவிட்டு வருகிற மாதிரி வந்து நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் மூச்சை விட்டுவிட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூச்சு முட்டி விட்ட மூச்சு இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கெட்டிக்காரத்தனமாகத் தோற்கவும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. அதை எங்க பிள்ளைகளுக்கு நாங்களே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்க தெருவுக்கு இன்னமும் மைதானம் கெடையாது. ஊருல திடலெல்லாம் யாராவது ஒருத்தர் பேருல இருக்கு. ஆத்து மணலுக்கு மட்டும் பட்டா இல்ல. ஜனவரி 28ல மேட்டூர மூடுனா கொஞ்ச நாள்ல ஆறு காஞ்சிரும். பசங்க நடு ஆத்துல கம்ப வச்சுக் கோடு கிழிச்சுருவாங்க. ஜூன் 12ல தெறந்து, கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்ற வரைக்கும் அதுதான் எங்க ஸ்டேடியம். தண்ணி வந்தா கோடு கரஞ்சு போயிரும். இப்ப பொண்ணுங்களும் எறங்கி ஆடுதுங்க. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில இந்தியப் பொண்ணுங்க கபடியில தங்கம் வாங்குனாங்களே, அந்த அணியில சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடுன ஆட்டத்த செல்போன்ல திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குதுங்க. அந்தப் பொண்ணு மாதிரியே முடிய இழுத்துக் கட்டிக்கிட்டு வருதுங்க.

வெளியூர் டோர்னமெண்டு நோட்டீசு வந்தா ஆத்தங்கரையில ஒக்காந்து எல்லாரும் சேந்து படிக்கிறாங்க. நொழைவுக் கட்டணம் எவ்வளவு, பரிசு எவ்வளவுன்னு பாக்குறதுக்கு முந்தி, ஆட்டம் முடியிற நேரத்துக்கு அந்த ஊருலேருந்து திரும்பி வர பஸ் இருக்கா, அந்த பஸ் எந்தெந்தத் தெரு வழியா வருதுன்னு கேட்டுக்கிறாங்க. அப்புறம்தான் பேரு எழுதுறாங்க.