ஏடெழுதினோர்

நிலையாத இவ்வுலகில் நிலைபெற விரும்புதல் மக்கள் இயல்பு. மாடம் எடுப்போரும், கல்லில் பெயர் பொறிப்போரும் அவ்விருப்பம் உடையவரே. தம் பெயரை எங்கும் பொறியாமல், தம் உழைப்பை மட்டும் உலகுக்கு விட்டுச் சென்றோரும் உளர். பண்டை நாளில் ஏடெழுதினோருள் மிகப் பலர் அத்தகையோர்.

பனையோலை என்றும் நிலைத்திராது. அதனைச் செல் அரிக்கும், நாளடைவில் ஓரம் ஒடியும், இற்றுப்போகும். ஆதலின் ஓர் ஏடு அழியுமுன் அதனைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதுதல் வேண்டும். அவர்கள் ஓலையை வாரிப் பதப்படுத்தினர். எழுத்தாணியால் வரிவரியாகக் கீறினர். எழுத்து விளங்குமாறு மையாடினர். துளையிட்டுக் கயிற்றில் கோத்தனர். இவ்வாறு தலைமுறைதோறும் சிலர் முயன்றமையாலேயே சங்கப் பாட்டுகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்தன. அம்முயற்சி அற்றவிடத்து நூலும் அற்றுப்போகும். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று நமக்கு முழுமையாகக் கிடைத்தில.

எஞ்சியிருந்த ஏடுகளை டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊர்தோறும் சென்று தேடினார். ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டுத் திருத்தமான பாடம் கண்டார். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டு வழங்கினார். அவர் பெயரைத் தமிழுலகம் நன்கறியும். அவர் கைக்கு அவ்வேடுகள் வந்து சேருமாறு எழுதி வைத்தோருள் பலர் பெயரை எவரும் அறியார். ஆயினும் இருதிறத்தார் செய்த தொண்டும் ஒன்றே.

யான் புறநானூறு கற்பித்த நாட்களில், 266-ஆம் பாட்டை அடுத்து 269-ஆம் பாட்டு வருதலைக் கண்டு மாணவர் காரணம் வினவுவர். “இடையிலுள்ள இரண்டு பாட்டுகளும் கிடைத்தில” என்பேன். வகுப்பு சிறிது நேரம் வாளா இருக்கும். எஞ்சிய பாட்டுகளைக் காத்துத் தந்தோரின் அருமை அப்பொழுது அவர்களுக்குத் தானே விளங்கும்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் அனைவீரும் காப்பியம் இயற்றுதல் வேண்டும் என்பதில்லை. உங்கள் பாட்டியார் பாடும் தாலாட்டையும், உங்கள் ஊர் உழவர் வழங்கும் நெல்லின் பெயர்களையும் கேட்டுப் பிழையற எழுதி வையுங்கள். அவற்றை எழுதியவர் யாரெனப் பின்வருவோர் அறியாமற் போகலாம். ஆயினும் அவை அவர்களுக்குப் பயன்படும். நிலைபேறு என்பது அதுவே.