மழையில் பதினெட்டு குழிகள்

கோல்ஃப் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளைத் தொப்பி, வயிறு முன்னே போக ஆள் பின்னே வரும் ஒரு மானேஜிங் டைரக்டர், பை சுமக்க ஒரு பையன். நந்தனம் சிக்னலில் பஸ் நிற்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் பச்சையாக ஏதோ தெரியும். பச்சை விளக்கு விழுந்ததும் பஸ் கிளம்பிவிடும். நமக்கும் கோல்ஃபுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சனிக்கிழமையைக் கழித்தால் போதும், இந்தச் சித்திரம் சுத்தமாக அழிந்துவிடும். அங்கே தபால்காரர் ஆடுகிறார், பஸ் டிரைவர் ஆடுகிறார். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் பாட்டி ஆடுகிறார். மைதானம் ஊருக்குச் சொந்தம். உள்ளூர்க்காரர்களுக்கு வருஷச் சீட்டு மலிவு. வெளியூர்க்காரர்கள் தொட்டால்தான் பர்ஸ் சுடும்.

சும்மா கிடைத்த உரிமை இல்லை இது. கோல்ஃப் ஆடினால் இளவட்டங்கள் வில்வித்தைப் பயிற்சிக்கு வருவதில்லை என்று 1457-ல் ஸ்காட்லாந்து பார்லிமென்ட்டே ஆட்டத்துக்குத் தடை போட்டது. பிறகு 1552-ல், இந்தக் கடலோரப் புல்வெளியில் ஊர் மக்கள் ஆடலாம் என்று ஆர்ச்பிஷப் எழுதிக் கொடுத்தார். 1797-ல் ஊர் கவுன்சிலுக்குக் கடன் கழுத்தை நெரிக்க, நிலத்தை முயல் வியாபாரிகளிடம் விட்டுவிட்டார்கள். மைதானம் முழுக்க முயல் வளை! பந்து போடும் குழி எது, முயல் தோண்டிய குழி எது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் தவித்தார்கள். கோர்ட், சண்டை, கைகலப்பு என்று இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்காரர், அவரும் கோல்ஃப் பித்து, நிலத்தை வாங்கி முயல்களுக்கு விடை கொடுத்தார்.

ஆபீஸ் வேலையாக எடின்பரோவில் மூன்று வாரம் இருந்தபோதுதான் நான் அங்கே போனேன். லூக்கர்ஸ் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு இருந்த ரயிலை 1969-லேயே நிறுத்திவிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற ஊருக்கு ரயில் இல்லை என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

தங்கிய வீட்டின் சொந்தக்காரருக்கு அறுபது வயது. இரவுச் சாப்பாட்டின்போதே கேட்டார்.

"நாளைக்கு எங்க செட்ல ஒருத்தர் வரலை. நீங்க சும்மா கூட நடந்து வாங்க தம்பி. குடை பிடிக்க ஒரு ஆள் ஆச்சு."

"மழை பெய்யுமா சார்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மழைக்கு இங்கே தனியா கேள்வியே கிடையாது. எத்தனை மணிக்குன்னுதான் கேட்கணும்."

காலையில் ஆஜரான செட் மூன்று பேர். வீட்டுக்காரர், நாற்பது வயது தபால்காரர், எழுபத்தைந்தைத் தாண்டிய ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஆட வந்த இடத்துக்கு 'நியூ கோர்ஸ்' என்று பெயர். திறந்த வருஷம் 1895. இன்னும் 'புதுசு'தான்! நம் ஊர்களில் 'புது பஸ் ஸ்டாண்டு' நமக்கு முன்னாலேயே பிறந்து நிற்பதில்லையா, அதுபோல.

வானம் கழுவாத அலுமினியப் பாத்திரம் மாதிரி இருந்தது. இந்த மூட்டத்துக்கென்றே அவர்களிடம் 'ட்ரீக்' என்று ஒரு சொல் இருக்கிறது. கடலிலிருந்து ஊர்ந்து வரும் பனிமூட்டத்துக்குப் பெயர் 'ஹார்'. அன்றைக்கு இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தன.

முதல் பந்து பறப்பதற்குள் முதல் சண்டை ஆரம்பித்துவிட்டது. விஷயம், மழைக்கோட்டு.

வீட்டுக்காரர் போட்டிருந்தது கோர்டெக்ஸ். அதன் கதையையும் அவரே சொன்னார். நான்-ஸ்டிக் தவாவில் பூசுகிறார்களே டெஃப்லான், அதே சரக்கு. 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் அதைச் சூடாக்கி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இழுத்தால் அறுந்தது. கடுப்பாகி வெடுக்கென்று இழுத்தார். அறுபடாமல் பல மடங்கு நீண்டது! கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் கோடிக்கணக்கில் உண்டான ஒரு சவ்வு கிடைத்தது. மழைத்துளி அந்தத் துவாரத்தில் நுழையாது, வியர்வையின் ஆவி மட்டும் வெளியேறிவிடும். கோபத்தால் நடந்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று.

"கோட்டு முக்கியமில்லே, கைதான் முக்கியம்" என்றார் தபால்காரர். தோல் க்ளவுஸ் நனைந்தால் குச்சி கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். மழைக்கென்று ஒரு துணி க்ளவுஸ் விற்கிறார்கள். அது நனைய நனைய இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்த மனுஷர் கீழே போட்டிருந்தது அரை டிராயர்!

"குளிராதா?" என்றேன்.

"பேன்ட் நனைஞ்சா நாள் பூரா ஈரம். கால் நனைஞ்சா துடைச்சா போச்சு. தபால் போட்டுப் போட்டு வந்த ஞானம் தம்பி!"

வாத்தியார் எதுவும் பேசவில்லை. குடைக்குள்ளே கம்பியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். ஸ்கோர் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டார். பேனா நனைந்தால் அழியும் என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மொத்தச் செலவு பத்து ரூபாய்கூட இருக்காது. அன்று கடைசிவரை உலர்ந்திருந்தது அவருடைய துண்டு ஒன்றுதான்.

ஆட்டம் ஆரம்பமாயிற்று.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பதினெட்டு குழிகள். ஒவ்வொன்றிலும் பந்தைக் குறைந்த அடியில் போட வேண்டும். மூன்றிலா, நாலிலா, ஐந்திலா என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் பார். ஏன் பதினெட்டு? முன்பு இதே ஊரில் இருபத்திரண்டு இருந்தது. 1764-ல் சில குழிகளைச் சேர்த்துப் பதினெட்டாக்கினார்கள். உலகம் முழுக்க அதையே காப்பி அடித்தது. சுமாரான ஆட்டக்காரருக்குக் கழித்துக்கொள்ளச் சில அடிகள் உண்டு. அது ஹாண்டிகேப். வாத்தியாருக்குக் குழிக்கு ஒன்று வீதம் பதினெட்டு.

அன்று வைத்துக்கொண்டது 'ஸ்ட்ரோக் ப்ளே'. அடித்த அடி ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். வாத்தியாரின் பிடிவாதம் அது. "எண்ணினா முழுசா எண்ணணும்" என்பார்.

மழை வலுத்தது. வாத்தியாரின் விரல் மூட்டுகளில் வாதம். க்ளவுஸைக் கழற்ற ஒரு நிமிஷம், மாட்ட ஒரு நிமிஷம், கண்ணாடி துடைக்க இன்னொரு நிமிஷம். ஒரு குழியில் ஒன்பது அடி. அப்புறம் இன்னொன்றில் பத்து. இரண்டுமே நாலில் முடிக்க வேண்டியவை.

எங்களுக்குப் பின்னால் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். வந்துகொண்டிருந்தார்கள் என்ன, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். ஏ.டி.எம்.மில் நமக்கு முன்னால் இருப்பவர் நாலு கார்டு எடுத்து, நாலு தடவை பணம் எடுத்து, மிஷின் முன்னாலேயே எண்ணுவாரே, அப்போது நாம் நிற்போமே, அதே போஸ்!

கோல்ஃப் உலகத்தின் தலையாய வியாதி இந்த மெதுவாட்டம்தான். தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். 2019-ல் அதை மூன்றாகக் குறைத்தார்கள். ஒரு அடிக்கு நாற்பது செகண்டுக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது என்று விதிப் புத்தகமே சொல்கிறது. முறை பார்க்காமல், தயாராக இருப்பவர் அடிக்கலாம் என்றும் அதே வருஷம் சேர்த்தார்கள். பின்னால் வருபவர்கள் வேகமாக இருந்தால் ஒதுங்கி வழி விடுவது மரியாதை. ஆனால் எழுபத்தைந்து வயது விரலுக்கு எந்தப் புத்தகத்தில் விதி எழுதுவது?

பன்னிரண்டாவது குழி முடிந்தது. வாத்தியார் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் இப்படியே குறுக்கு வழியா வீட்டுக்கு நடந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டு வாங்க."

தபால்காரர் தரையைப் பார்த்தார். வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். "இன்னிக்குப் போனா அடுத்த சனிக்கிழமை வரமாட்டார் தம்பி. போன வருஷம் சம்சாரம் தவறிட்டாங்க. வாரத்துல அவர் வாய் திறந்து பேசறதே இங்கேதான்."

அடுத்த நிமிஷம் அந்த மனுஷர் ஒரு காரியம் செய்தார். விலை உயர்ந்த கோர்டெக்ஸ் கோட்டை உதறிவிட்டு, உரக்கச் சொன்னார்: "இந்தக் கோட்டு ஒழுகுதுப்பா! சீக்கிரம் முடிக்கணும். ஸ்டேபிள்ஃபோர்டுக்கு மாத்திக்கலாமா?"

கோட்டு ஒழுகவில்லை. நான் பக்கத்தில்தானே நின்றேன்!

ஸ்டேபிள்ஃபோர்டு என்பது ஒரு சர்ஜனின் பெயர். லிவர்பூலுக்குப் பக்கத்தில் வாலஸி என்ற ஊர் கிளப்பில் 1932-ம் வருஷம் மே மாதம் அவர் கண்டுபிடித்த கணக்கில் முதல் போட்டி நடந்தது. ஒரு குழியில் சொதப்பினால் ஆட்டம் முழுக்கப் பாழாகி, பாதியில் வீட்டுக்குப் போய்விடுகிறார்களே என்ற கவலையில் பிறந்த கணக்கு அது. சலுகை அடியைக் கழித்த பிறகு பார் எடுத்தால் 2 பாயிண்ட். ஒரு அடி கூடினால் 1. ஒரு அடி குறைந்தால் 3. அதற்குமேல் எவ்வளவு மோசமாக ஆடினாலும் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே கிடையாது. பாயிண்ட் வராது என்று தெரிந்துவிட்டால் பந்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். நேரமும் மிச்சம், மானமும் மிச்சம்.

வாத்தியார் நண்பரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "வாழ்நாள் பூரா கணக்கு சொல்லிக் கொடுத்தவன்யா நான். விடையை வெச்சுக்கிட்டு கணக்கை மாத்தறே" என்றார்.

எனக்குப் பகீரென்றது.

ஆனால் அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். மழையில் குடை நான் பிடிக்க, பன்னிரண்டு குழிகளையும் மனக்கணக்காகவே போட்டார். "அடிக் கணக்குல உன்னைவிட ஒன்பது பின்னாடி இருக்கேன். இதுல உனக்கு இருபத்தொண்ணு, தபாலுக்கு இருபது, எனக்குப் பதினேழு. நாலுதான் பின்னாடி." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னும் ஆறு குழி இருக்கு இல்லே?"

பின்னால் நின்ற நால்வரையும் கையசைத்து முன்னே போகச் சொன்னோம். அவர்கள் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இடுப்பில் கை வைத்தவர்களும் நல்லவர்கள்தான். கியூதான் மனுஷனைக் கெடுக்கிறது.

பதின்மூன்றாவதில் வாத்தியாருக்கு பூஜ்யம். அலட்டிக்கொள்ளாமல் பந்தைப் பொறுக்கினார். பதினாலில் 2. பதினைந்தில் இருபது அடி தூரத்திலிருந்து, தண்ணீர் தெறிக்க ஒரு உருட்டு. பந்து குழிக்குள் விழுந்த சத்தம் மழையிலும் கேட்டது. 3 பாயிண்ட்! அரை டிராயர் தபால்காரர் சேற்றில் ஒரு குதி குதித்தார். மீதி மூன்றிலும் இரண்டிரண்டு.

கடைசிக் கணக்கு: தபால்காரர் 30, வீட்டுக்காரர் 29, வாத்தியார் 28. கடைசி இடம்தான். ஆனால் சூப்புக் கடையில் உட்கார்ந்து அதிகம் பேசியது அவர்தான். அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டதும் அவர்தான்.

மறுநாள் ஞாயிறு. உலகமே கும்பிடும் 'ஓல்டு கோர்ஸ்' பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய போட்டி நடக்கும் ஞாயிறுகள் தவிர, மற்ற ஞாயிறுகளில் அங்கே ஆட்டம் கிடையாது. புல்லுக்கும் லீவு! ஊர் ஜனம் நாயோடும் குழந்தையோடும் உலாவுகிறது. அந்தப் பிரசித்தி பெற்ற ஸ்வில்கன் பாலத்தில் நானும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். சின்னக் கல் பாலம். நம் கிராமத்து வாய்க்கால் பாலம் இதைவிடப் பெரிசு. முதல் குழி, பதினெட்டாம் குழி இரண்டின் ஃபேர்வேயையும் அறுத்துக்கொண்டு ஒரு பொதுச் சாலையே போகிறது.

போக நினைப்பவர்களுக்கு: எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஆடத் தெரியாவிட்டால் 'ஹிமாலயாஸ்' என்ற மேடு பள்ளமான புல்தரை இருக்கிறது. 1867-ல் பெண்கள் தங்களுக்கென்று ஆரம்பித்த கிளப் அது. சொற்பக் கட்டணத்தில் யாரும் பந்து உருட்டலாம். குடை வேண்டாம், காற்று பிடுங்கிக்கொள்ளும். இரண்டு ஜோடி சாக்ஸும், உறையில் போட்ட பென்சிலும் போதும்.

இன்னொரு சமாசாரம். நம் ஆபீஸ்களிலும் வருஷக் கடைசியில் மார்க் போடுகிறார்கள். எல்லாம் ஸ்ட்ரோக் ப்ளேதான். மார்ச் மாதம் சொதப்பிய ஒரு ஃபைலை டிசம்பர் வரை எண்ணுவார்கள். பர்சனல் மானேஜர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வாலஸி சர்ஜனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.