ஸ்டோர் கீப்பரைக் கேட்டுவிட்டு சாப்ட்வேர் வாங்குங்கள்

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்று புதுவைத் தொழிற்பேட்டைகளில் கணக்கு எழுதியே என் காலம் போனது. இன்றைக்கும் சிறு தொழில் நடத்தும் பிள்ளைகள் வந்து, "ஐயா, எந்த சாப்ட்வேர் போடலாம்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் என்ட்ரி போடப்போவது யார், போட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

நம் ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. வரிச் சலுகைக்காக எச்.சி.எல்., விப்ரோ, லெனோவோ போன்ற பெரிய கம்பெனிகள் இங்கே வந்து கம்ப்யூட்டர் பூட்டி நாடு முழுக்க அனுப்பின. அந்த லாரிகள் போன சாலையோரத்து ஷெட்டுகளிலோ தடித்த பேரேடும் காதில் செருகிய பென்சிலும்தான் ராஜ்ஜியம். வாங்க வசதி இருந்தவர்களும் வாங்கி, முதலாளி அறையில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள்.

ஷெட்டுக்குள் நுழைந்து நிலைத்த முதல் மென்பொருள் டாலி. அது பிறந்த கதையிலேயே காரணம் இருக்கிறது. மில்களுக்கும் ஆலைகளுக்கும் மூலப்பொருள், உதிரிபாகம் சப்ளை செய்துவந்த ஷ்யாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் தொடங்கினார்கள். வவுச்சர், டே புக், லெட்ஜர் என்று கணக்குப்பிள்ளைக்குப் பழகிய அதே உலகம் திரையில் வந்தது. டிரையல் பேலன்ஸில் பத்து ரூபாய் இடிக்கிறது என்று மாதக் கடைசியில் விடிய விடியப் பேரேடு புரட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கூட்டல் வேலை அன்றோடு ஒழிந்தது. யாரும் கட்டாயப்படுத்தாமலேயே கணக்குப்பிள்ளைகள் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டார்கள்.

ஸ்டோருக்குள் அந்த மந்திரம் பலிக்கவில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு போல்ட்டைப் பின்தொடர்ந்து போக வேண்டும். கடைக்காரர் பில்லில் அது 'எம்8 ஹெக்ஸ் போல்ட்'. ஸ்டோர் கீப்பருக்கு '13-ஆம் நம்பர் ஸ்பானர் போல்ட்'. ஃபிட்டருக்கு 'பெரிய மெஷின் போல்ட்'. மூன்று பெயரிலும் மூன்று பேர் என்ட்ரி போட்டால் ஒரே போல்ட் மூன்று சரக்காகிறது. ஒன்றில் இருப்பு மைனஸில் நிற்கும், இன்னொன்றில் மலை போலக் குவிந்திருக்கும். போதாததற்கு, வாங்குவது கிலோவில், ஷாப் ஃப்ளோருக்குக் கொடுப்பது எண்ணிக்கையில். தகடும் அப்படித்தான், எடையில் வந்து ஷீட் கணக்கில் போகும். வெட்டி மிஞ்சிய துண்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இந்தக் கேள்விக்கெல்லாம் விடை ஸ்டோர் கீப்பரிடம்தான் இருக்கிறது. ஆனால் சாப்ட்வேர் விற்பவர் ஏசி அறையில் முதலாளியிடம் பேசிவிட்டுப் போய்விடுவார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் பழைய பில்களைப் பார்த்துச் சரக்குப் பட்டியலை ஏற்றுவான்.

அதன்பின் நடப்பது எல்லா ஷெட்டிலும் ஒன்றுதான். ஸ்டோர் கீப்பர் டிராயருக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு முளைக்கும். உண்மையான இருப்பு அதில் இருக்கும். கம்ப்யூட்டரில் இருப்பது ஆடிட்டருக்கு. கம்ப்யூட்டர் போட்ட எந்த ஷெட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டு எடுத்துக் காட்டுவார்கள்.

நோட்டை ஒழிக்க முதலாளிதான் மனது வைக்க வேண்டும். லட்சங்கள் கொட்டி சிஸ்டம் போட்டுவிட்டு, "அந்தத் தகடு எவ்வளவு இருக்குப்பா?" என்று ஸ்டோருக்குப் போன் அடிக்கிற முதலாளியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதலாளியே நம்பாத திரையை ஸ்டோர் கீப்பர் ஏன் நம்ப வேண்டும்?

என்ட்ரி ஒழுங்காக வராததற்குப் பயமும் ஒரு காரணம். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, 1936 ஜூலை 30 அன்று 12 மில் தொழிலாளர்கள் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலியான ஊர் இது. எத்தனை பீஸ் போட்டாய், எத்தனை நிமிஷம் மெஷின் நின்றது என்று எண்ணுகிற எதையும் இங்குள்ள தொழிலாளி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பார்ப்பது நியாயமும்கூட. அவர் போட்ட என்ட்ரியே மாதக் கடைசியில் அவர் இன்சென்டிவைக் குறைத்தால், அடுத்த மாதம் என்ட்ரி எப்படி வரும் என்று சொல்ல வேண்டுமா?

தனக்குப் பலன் என்றால் மட்டும் யாரும் தயங்குவதில்லை. சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கிற ஈ-வே பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு அது கட்டாயமானபோது தொழிற்பேட்டையே புலம்பியது. நம் எல்லையின் லட்சணம் தெரியும். சேதராப்பட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. வானூர் பக்கத்துப் பட்டறைக்கு பிளேட்டிங் போட அனுப்பினாலும் அது வேறு மாநிலம். வெளிமாநில ஜாப் ஒர்க் என்றால் சரக்கு மதிப்பு எவ்வளவு குறைவானாலும் ஈ-வே பில் வேண்டும். ஆனால் சீக்கிரமே பழகிவிட்டது. பில் இல்லாமல் மடக்கினால் ரோட்டில் நிற்கப்போவது டிரைவர், அதனால் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு வண்டி எடுத்தார். வாட்ஸ்அப்பில் சலான் போட்டோ அனுப்ப யார் வகுப்பு எடுத்தார்கள்? சரக்கை ஒப்படைத்ததற்குச் சாட்சி கையில் இருக்கிறது என்பதால் எல்லாரும் அனுப்புகிறார்கள்.

பலன் வரத் தாமதமாவது கம்ப்யூட்டருக்கு மட்டும் உள்ள சாபமில்லை. அமெரிக்காவில் மின்மோட்டார் வந்த பிறகும் பல ஆலைகள் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, பழைய ஷாஃப்டையும் பெல்ட்டையுமே ஓட்டிக்கொண்டிருந்தன. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து ஆலையின் அமைப்பையே மாற்றிய பிறகுதான் உற்பத்தி கூடியது. பால் டேவிட் என்ற பொருளாதார அறிஞர் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டு 1990-ல் இதை எழுதினார். நம் ஷெட்டுகளிலும் பழைய பெல்ட் நிறைய ஓடுகிறது. பேரேட்டில் எழுதி, அதைப் பார்த்து டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, பேரேட்டோடு சரிபார்த்து முதலாளி கையெழுத்துக்கு அனுப்புகிறார்கள்.

இப்போது மெஷினில் சென்சார் மாட்டி, எத்தனை பீஸ், எவ்வளவு நேரம் ஓடியது என்று முதலாளி செல்போனுக்கே அனுப்புகிற சரக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. தெரிந்த பையன் ஒருவன் விற்பவரை உட்கார வைத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆபரேட்டருக்கு இது தெரியுமா?" என்றேன். மெஷின் பக்கத்தில் தனியாகத் திரை வைக்கலாம், அதற்கு எக்ஸ்ட்ரா ஆகும் என்றார் வந்தவர். மெஷின் நின்றதற்குக் காரணம் கரன்ட்டா, தகடு வராததா என்று ஆபரேட்டர் அமுக்கிச் சொல்ல ஒரு பட்டனும் வேண்டும் என்றேன். அதற்கும் எக்ஸ்ட்ராவாம். பையன் கொஞ்சம் யோசித்தான். பத்து மெஷினுக்குக் கேட்ட கொட்டேஷனை நான்கு மெஷினாகக் குறைத்து, திரையும் பட்டனும் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னான்.