பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

வடலூரில் என்னிடம் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரும் பிள்ளைகளில் பலர் கணினிப் பாடம் எடுத்தவர்கள் அல்லர். ஒருத்தி பி.காம். படிக்கிறாள். ஒருவன் ஐடிஐ முடித்துவிட்டு நெய்வேலியில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். வெப்சைட் செய்யும் வேலையை டிகிரி இல்லாமல் கற்க முடியுமா என்று அவர்கள் வீட்டில் கேட்கிறார்கள். முடியும். நானும் அப்படிக் கற்றவன்தான். அந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது.

இந்தத் தொழில் பிறந்த விதம் அப்படி. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையின் மென்பொருளை, அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30 அன்று காசு எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்கு மேல் இன்னொரு வசதி: எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் நிரலைப் பார்க்கலாம். சர்வருக்குள் நடப்பது தெரியாது. நம் திரைக்கு வந்து சேர்வது அத்தனையும் தெரியும். தன் அளவுக் கணக்கை எதிரே விரித்து வைத்துவிட்டு வேலை செய்யும் ஆசாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

திறந்து கிடந்தாலும் அது ஆங்கிலத்தில் கிடந்தது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அங்கேயே பாதி வழி அடைபட்டுவிடும். கணினி நுட்பங்களைத் தமிழில் சொல்ல 2012இல் தொடங்கிய கணியம் இதழ் செய்த காரியம் அதனால்தான் பெரியது. அது வெளியிட்ட, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் எச்டிஎம்எல்’ போன்ற நூல்களை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், நகலெடுத்து அடுத்தவருக்கும் தரலாம். இங்கே வரும் பிள்ளைகள் பேருந்திலேயே செல்போனில் அதைப் படித்துவிடுகிறார்கள்.

பிறகு எதற்கு நான்? அந்த பி.காம். மாணவி தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் செய்தாள். அவள் மடிக்கணினியில் அழகாகத் தெரிந்தது. சர்வரில் ஏற்றியதும் ‘வடலூர்’ என்ற தலைப்பு காணாமல் போய், தலையில் கோடு போட்டவையும் வட்டத்துக்குள் அடைபட்டவையுமாக ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டி நின்றன. “அண்ணா, நான் எதையுமே மாத்தலையே!” என்றாள். முகம் வாடிவிட்டது.

அவள் எதையும் மாற்றவில்லைதான். வடலூர் நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் ‘லூ’வும் ‘ர்’ரும் இரண்டிரண்டு குறிகள், ஆக மொத்தம் ஆறு. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட், எல்லாம் சேர்த்து 18. இது எந்த முறையில் எழுதியது என்று பக்கத்தின் தலைப்பகுதியில் சொல்லாவிட்டால், பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் கணினியில் அது சரியாக ஊகித்துவிட்டது, இணையத்தில் ஊகிக்கவில்லை. சேர்க்க வேண்டியது அந்த முறையைச் சொல்லும் ஒரே ஒரு வரி. சேர்த்தாள். ஊர்ப் பெயர் வந்தது.

அந்த ஒரு வரி புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால், தன் பக்கத்தில் நடந்திருப்பது அதுதான் என்று புதிதாகக் கற்பவருக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த வரையில், விட்டுவிட்டுப் போகிறவர்கள் பாடம் கடினம் என்று போவதில்லை. இப்படி ஓர் இடத்தில் தனியாக மாட்டிக்கொண்டு, ‘நமக்கு இது வராது’ என்று முடிவு கட்டிப் போகிறார்கள். கல்லூரியில் பக்கத்து மேசைக்காரன் இருப்பான். தானாகக் கற்பவருக்கு அவன்தான் இல்லை.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு அந்தக் குறையை உணர்ந்து கிராமத்து மாணவர்களோடு உட்கார்ந்து சொல்லித்தருகிறது. சிறுவரும் முதியவரும் சேர்ந்து கற்க வேண்டும் என்று வள்ளலார் நினைத்த ஊர் எங்களுடையது. இங்கும் அப்படி ஒரு குழு வேண்டும்.

கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் இந்த வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பூசத்துக்கு ஊருக்கு வரும்போது மடிக்கணினியையும் எடுத்து வாருங்கள். தெருவில் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். திரும்பிப் போகுமுன் உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள், மாட்டிக்கொள்ளும்போது கூப்பிடுவார்கள்.