குடும்பத் தலைவர்

சுனாமி என்றால் உடைந்த படகைத்தான் படம் போடுவார்கள். எங்களுக்குப் படகு கிடையாது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு காலனி. நடவு, களையெடுப்பு, அறுப்பு. வயல்வேலை இல்லாத நாளில் அம்மா கரைக்குப் போய் மீன்கூடை தூக்குவாள், கருவாடு காயப்போடுவாள். எல்லாம் கூலிக்குத்தான். அப்பா முன்னமே செத்துப்போனார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி குலுங்கியது, 2 லட்சம் பேருக்கு மேல் செத்தது எல்லாம் பின்னால் படித்துத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலையில் கரைக்குப் போன அம்மா திரும்பவில்லை. எனக்கு 15 வயது. தங்கச்சிக்கு 9, தம்பிக்கு 5.

தேடிக்கொண்டு தனியாகத்தான் போனேன். சின்னதுகள் அதைப் பார்க்கக் கூடாது. மூணாம் நாள், மொத்தமாய்ப் புதைக்கிற குழிப்பக்கம் சேலையை வைத்து அடையாளம் கண்டேன். பிணம் எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். வேறு யாரு, நம்ம சனந்தான். கையுறைகூட இல்லாமல் அள்ளிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: “மொகத்தப் பாக்காத ஆயி. கூடப் பொறந்ததுங்க இருந்தா போயி அதுங்களப் பாரு.”

கல்யாண மண்டபத்து முகாமில் ரெண்டு ராத்திரிதான் படுத்தோம். “நீங்க வயக்காட்டு சனம், ஒங்களுக்கு இங்க என்ன?” என்று கிளப்பிவிட்டார்கள். தம்பி தொட்டுவிட்டான் என்று ஒரு அம்மா குடத்துத் தண்ணியைக் கீழே கவிழ்த்தாள். குப்பத்தில் வீட்டுக்கு வீடு சாவு. அந்த அம்மாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான். அந்தக் கையும் தீட்டுப் பார்த்தது.

அப்புறம் பள்ளிக்கூடத்துத் திண்ணை. ராத்திரி தங்கச்சி பாவாடை முனையையும் தம்பி சட்டை முனையையும் என் தாவணியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுப்பேன். யாராவது தூக்கினால் முழிப்பு வந்துவிடும்.

கணக்கெடுக்க வந்தவர் “படகு? வலை?” என்றார். “கூடையும் அருவாளும் போச்சு” என்றேன். எழுதவில்லை.

“குடும்பத் தலைவர் யாரு?”

“நாந்தான்.”

சிரித்தார். “பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வா.”

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சின்னதுகளை விடுதியில் சேர்க்கலாம். நாகையில் அரசாங்கமே திறந்திருந்தது, கெட்ட இடம் என்று சொல்லமாட்டேன். என்னை மில்லுக்கு அனுப்ப ஒரு புரோக்கர் வந்தான். “மூணு வருசம் இரு. முடிஞ்சதும் கல்யாணத்துக்கு மொத்தமா பணம்.” மூணு வருசத்தில் தம்பிக்கு என் முகமே மறந்துபோகும். போடா என்றேன்.

வயலில் உப்புத்தண்ணி ஏறி நெல்லெல்லாம் கருகிவிட்டது. தை அறுப்பே இல்லை. பட்டா வைத்திருந்தவர் நட்டஈடு கேட்டார். அறுக்கிறவள் எதைக் காட்டிக் கேட்பாள்? தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இடிபாடு அள்ளப் போனேன்.

அம்மா சாவுக்கு நிவாரணப் பணம் என்றதும் எங்கிருந்தோ ஒரு மாமா முளைத்தார். எங்கள் மூணு பேர் பேரிலும் பேங்கில் போட்டால்தான் எழுந்திருப்பேன் என்று ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஆச்சு. போட்டார்கள்.

2007-ல் எனக்கு 18 முடிந்ததும் ரேஷன் கார்டுக்கு மனு வாங்கிவந்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பேரை எழுதச் சொல்லித் தங்கச்சியிடம் பேனாவைக் கொடுத்தேன். அவள் எழுத்துதான் எங்கள் வீட்டில் அழகு.