பன்னெண்டுக்கு முப்பத்தாறு

கோவில்பட்டியில் மாடிப்படி ஏறிப் போகிற ஸ்டுடியோ அது. முன்னறையில் கண்ணாடி கவுண்டர். உள்ளறையில் விளக்கும் குடையும் நீலத்துணியும். இரண்டுக்கும் நடுவே பத்துக்குப் பத்து அறை ஒன்று. கல்யாண ஆல்பம் உருவாவது அங்கேதான். சுவரோரம் ஒரு மரபெஞ்சு. ஐந்தரைக்கு என் வேலை முடிந்துவிடும், ஊருக்குப் பஸ் ஏழு மணிக்கு. நடுவில் கிடக்கும் நேரத்தை அந்த பெஞ்சில் கழிப்பது பல வருஷப் பழக்கம். டிசைனர் தம்பி திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பார், பிறகு வேலையைப் பார்ப்பார். நான் பேப்பரை விரித்துக்கொள்வேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

முன்பெல்லாம் பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரிவது அவர் முதுகு. பதினெட்டரை இஞ்ச் மானிட்டரை அவர் தோளே மறைத்துவிடும். ஆல்பம் பார்க்க வருகிற வீட்டார் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் குனிந்து எட்டிப் பார்ப்பார்கள். "நல்லாருக்கு தம்பி, நீங்களே பாத்துச் செஞ்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எது நல்லாயிருந்தது என்று அவர்களைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அவ்வளவு சின்னதாகத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

பிறகு ஒரு நாள் 43 இஞ்ச் டிவி வந்து இறங்கியது. வீட்டு ஹாலில் மாட்டுகிற சாதாரண 4கே டிவிதான். அதே அளவை மானிட்டர் என்று கேட்டு வாங்கினால் விலை எங்கேயோ போய் நிற்கும் என்று முதலாளியிடம் தம்பி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாட்ட வந்த ஆள் வழக்கமான உயரத்தில் சுவரில் பென்சிலால் குறி போட்டார். தம்பி போய் அதற்கு ஒன்றரை அடி கீழே வேறு குறி போட்டார்.

"இவ்வளவு கீழயா? படுத்துக்கிட்டா பாக்கப் போறீங்க?"

"வேலை பாக்கணும்ணே. மேல இருந்தா கழுத்து போயிரும்."

மாட்டியாயிற்று. மேசையை முன்னுக்கு இழுத்து, கண்ணுக்கும் திரைக்கும் மூன்றடி இருக்கும்படி நாற்காலியை வைத்தார். பிறகு டேப்பை எடுத்துத் திரையின் அகலத்தை அளந்தார். முப்பத்தேழரை அங்குலம். டேப்பைச் சுருட்டாமல் முப்பத்தாறில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"பன்னெண்டுக்கு முப்பத்தாறு முழுசா உக்காருது."

யாரிடமும் சொல்லவில்லை; வாய்விட்டு வந்துவிட்டது. நம் பக்கம் கல்யாண ஆல்பத்தின் ஷீட் பெரும்பாலும் அந்த அளவுதான். ஆல்பத்தை மடியில் வைத்து விரித்தால் பன்னிரண்டு அங்குல உயரத்தில், இந்த முழங்காலிலிருந்து அந்த முழங்காலையும் தாண்டிக் கிடக்கும். பழைய மானிட்டரின் அகலம் பதினாறு அங்குலம். அதற்குள் முப்பத்தாறை அடக்கினால் குரூப் போட்டோவில் இருக்கிற முகம் அரிசி அளவு ஆகிவிடும். முகத்தைப் பெரிதாக்கினால் ஷீட்டில் மற்றது எதுவும் தெரியாது. இத்தனை வருஷமாக அவர் செய்த ஒவ்வொரு ஆல்பமும் அச்சாகி வந்த பிறகுதான் அதன் முழு அளவை அவர் கண் பார்த்திருக்கிறது. என் மனதில் தைத்த விஷயம் இது.

அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி. அந்த டிவியில் அங்குலத்துக்கு 102 புள்ளிதான் வரும். ஆகவே போட்டோஷாப்பில் 34 சதவீதம் என்று வைத்தால் திரையில் தெரிவது அச்சாகப் போகிற அதே அளவு. அந்த 34 என்ற எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் சட்டத்தில் ஒட்டினார். இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் டிவி உடனே மானிட்டராகிவிடவில்லை. முதல் நாளே ஓரங்கள் காணவில்லை. கீழ் மூலையில் இருக்க வேண்டிய ஸ்டார்ட் பட்டன் பாதி சட்டத்துக்குள் போய்விட்டது. இது டியூப் டிவி காலத்துப் பழக்கம். அந்தத் திரைகளின் விளிம்பில் படம் ஒழுங்காக நிற்காது என்பதால், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள் தள்ளிக் காட்டினார்கள். டியூப் போய்விட்டது, பழக்கம் மட்டும் மெனுவுக்குள் தங்கிவிட்டது. கம்பெனிக்கு ஒரு பெயரில் அது ஒளிந்திருக்கும். தேடி எடுத்து அணைத்தார்.

அடுத்து மவுஸ். அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவியது. கம்ப்யூட்டரில் இருந்த பழைய கார்டு எச்டிஎம்ஐ 1.4 வகை, 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் அதனால் அனுப்ப முடியும். சினிமாவுக்கு 24 போதும். கையோடு சேர்ந்து நகர வேண்டிய அம்புக்குறிக்கு 30 போதாது. ஒரு முடியின் ஓரத்தைப் பிசிறில்லாமல் வெட்டி எடுக்கிற கைக்கு அந்தத் தாவல் எவ்வளவு வேதனை என்பதை அவர் தோள்பட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் பொறுத்து, எச்டிஎம்ஐ 2.0 உள்ள கார்டு வந்ததும் 60 ஆயிற்று. தோளும் இறங்கியது.

மூன்றாவது சங்கடத்தை நான்தான் முதலில் கவனித்தேன் என்று நினைக்கிறேன், சொல்லவில்லை. ஆல்பத்தின் முதல் ஷீட்டில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் மணமக்கள் பெயர். கீழே பொடி எழுத்தில் நாளும் மண்டபமும். அந்தப் பொடி எழுத்தில் மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, கரைந்திருந்தது. வெள்ளை எழுத்து நன்றாக இருந்தது, சிவப்பு மட்டும் இப்படி. வீடியோவில் ஒரு சிக்கனம் உண்டு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்குப் பொதுவாக ஒன்று என்று அனுப்புவார்கள். வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு நிறத்தை நம் கண் நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. படம் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. தமிழ் எழுத்தின் புள்ளிக்குத் தெரியும். தம்பி அதைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் செருகியிருந்த துளைக்கு டிவியின் மெனுவில் 'பிசி' என்று பெயர் மாற்றினார். மறு நொடி புள்ளிகள் எல்லாம் அதனதன் தலையில் வந்து உட்கார்ந்தன. பெஞ்சில் இருந்தபடியே நான் பார்த்தேன். அன்றைக்கு அவர் திரும்பிச் சிரித்த சிரிப்பு வழக்கமான சிரிப்பு இல்லை.

சில்லறைத் தொந்தரவுகள் இன்னும் இருக்கின்றன. கம்ப்யூட்டர் விழித்தாலும் டிவி தானாக விழிக்காது. ரிமோட்டை நூலில் கட்டி மேசைக் காலில் தொங்கவிட்டிருக்கிறார். நான்கு மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அணையப் பார்த்தது. அதையும் மெனுவில் நிறுத்தினார்.

நிறம்தான் பெரிய பாடாகிவிட்டது.

கடையில் பத்து டிவிக்கு நடுவே கண்ணைப் பறிப்பதற்கென்றே டிவியில் ஒரு படமுறை இருக்கிறது. வெள்ளையில் நீலம் ஏறியிருக்கும், சிவப்பு கத்தும், எல்லாம் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்து, கூடுதலாக இருக்கிறதென்று வெளிச்சத்தைக் குறைத்து ஒரு ஆல்பத்தை லேபுக்கு அனுப்பிவிட்டார். அச்சாகி வந்தபோது முகமெல்லாம் இருண்டிருந்தது. சில ஷீட்டுகளைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. அவர் அந்த ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று டீ வந்தும் ஆறிப்போயிற்று.

அடுத்த சில மாலைகள் நான் பேப்பரை விரிக்கவே இல்லை. ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் ஒட்டினார். அச்சாகி வந்த ஷீட்டைத் திரைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். பிறகு மெனுவுக்குள் போய் ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். படத்தை வழவழப்பாக ஓட்டுவது, காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது, புள்ளி தட்டுவதை மழுங்கடிப்பது, எல்லாவற்றையும். எழுத்தைச் சுற்றிப் பொய்யாக ஒரு வெள்ளைக்கோடு போட்ட கூர்மையைப் பூஜ்யமாக்கினார். நீலம் குறைந்த சினிமா முறைக்கு மாற்றி, பின்வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினார். திரையில் ஒட்டி நிறத்தை அளக்கிற கருவிகள் உண்டு, அவரிடம் இல்லை. ஆகவே தன் இடது கையை மேசைமேல் வைத்து ஒரு போட்டோ எடுத்தார். அதைத் திரையில் அசல் கை அளவுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் தன் கையை வைத்தார்.

கரிசல் காட்டுக் கை. திரையில் ஒன்று, வெளியே ஒன்று. முதலில் திரையில் இருந்த கை வேறு யாருடையதோ போல் ரோஸ் நிறத்தில் இருந்தது. ஒரு எண்ணைக் குறைப்பார், கையை வைப்பார், எடுப்பார். மூன்றாம் நாள் ஆறேகாலுக்கு இரண்டு கைகளும் ஒரே ஆளுடையதாயின. லேபுக்குச் சோதனைக்கு அனுப்பிய ஷீட் அப்படியே வந்தது. ஒரு மனிதன் ஒரு திரையை உண்மை பேசவைக்க இத்தனை பாடுபட்டதை அருகிருந்து பார்த்ததில் எனக்கு இன்னும் நிறைவு இருக்கிறது.

ஒன்றை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. நேரே உட்கார்ந்து பார்க்கிறவருக்குத்தான் அந்த உண்மை. பக்கவாட்டில் போகப் போகக் கறுப்பு சாம்பலாகும், முகம் வெளுக்கும். அந்த வகைத் திரையின் இயல்பு அது. பெஞ்சைத் திரைக்கு நேராக நகர்த்திப் போட்டார்.

பெஞ்சு இப்போது பேச ஆரம்பித்துவிட்டது. குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இன்று உட்கார்ந்து பார்க்கிறார்கள். "இது யாரு, மூணாவது வரிசையில?" "பெரியத்தான் கண்ணை மூடிருக்காரு, வேற படம் போடுங்க தம்பி." இரண்டாயிரம் படத்திலிருந்து பொறுக்குகிற வேலை ஒரு குடும்பத்தின் வேலையாகிவிட்டது. நேரம் கூடுதலாகிறது என்று முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம். தம்பிக்கு இல்லை. அவர் செய்கிற ஒவ்வொரு தடவலும் வெட்டலும் பத்துக் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. வேர்வையைத் துடைக்கிறார், வயரை அழிக்கிறார், மாலையில் விழுந்த ஃபிளாஷ் வெளிச்சத்தை அடக்குகிறார். யாருக்கும் தெரியாமல் நடந்த கைவேலை அது.

போன மாதம் ஒரு மாலை, கல்யாணமாகி நாற்பது நாளான பெண்ணும் அவள் அம்மாவும் ஆச்சியும் சித்தியும் வந்தார்கள். நான் பெஞ்சின் நடுவிலிருந்து எழுந்து ஓரத்துக்குப் போனேன். பெண் தம்பிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தாலி கட்டுகிற ஷீட் வந்தது. முப்பத்தாறு அங்குல அகலத்துக்கு அவள் குனிந்த முகம், நெற்றிச்சுட்டி, பக்கத்தில் மாப்பிள்ளையின் கை.

ஆச்சி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, கொஞ்சம் கலர் ஏத்துங்க" என்றாள் அம்மா.

"எதுக்குக்கா?"

"நாளைக்கு அவங்க வீட்ல எல்லாரும் பாப்பாங்கல்லா."

எல்லாக் குடும்பமும் கேட்பதுதான். பழைய மானிட்டர் காலத்தில் அவர்கள் சொல்லிவிட்டுப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து செய்துவிடுவார். இப்போது எல்லோருக்கும் முன்னால் செய்ய வேண்டும். மவுஸைப் பிடித்தார். புதிதாக ஒரு லேயர். நெற்றியில் ஆரம்பித்து மெதுவாகத் தடவினார். கன்னம் வெளுத்தது, மூக்கு வெளுத்தது, தாடை வெளுத்தது. கழுத்து வரை வந்து நின்றார். கழுத்தும் கையும் இன்னும் பழைய நிறத்தில் இருந்தன.

"கையும்" என்றாள் அம்மா.

கையும் வெளுத்தது. மருதாணிச் சிவப்பு ஆரஞ்சாயிற்று.

சித்தி "இப்ப எப்படி இருக்கு!" என்றாள். அம்மா பேசாமல் பார்த்தாள். ஆச்சி கண்ணைச் சுருக்கி, "யாரு ஏட்டி இது?" என்றாள். கண் சரியில்லாமல் கேட்டாளா, கண் நன்றாக இருந்து கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்தாள். திரைக்குக் கிட்டே போய், மருதாணி மங்கிப்போன தன் வலது கையை, திரையில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தாள். தம்பி தன் கையை வைத்துப் பார்த்ததை அவள் பார்த்திருக்க வழியில்லை.

"அண்ணே, எங்கையி இதுதான்."

"ஏட்டி..." என்று அம்மா தொடங்கினாள்.

"இருக்கட்டும்மா. நான் பாக்கதுக்குத்தான ஆல்பம்."

தம்பி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை லேசாக அசைத்தாள். சம்மதமா அலுப்பா என்று சொல்ல முடியாத அசைவு. லேயருக்கு நேரே சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். தம்பி அதன் மேல் ஒரு தடவை தட்டினார். கண் மறைந்தது.

"ஆங், இப்பச் சொல்லு" என்றாள் ஆச்சி.

நான் இருந்த ஓரத்திலிருந்து பார்த்தால் முகம் முன்னைப் போலவே வெளுத்துத்தான் தெரிந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து, அவர்களுக்குப் பின்னால் நேராக வந்து நின்று பார்த்தேன்.