உம்மாவின் பெயர்

வாப்பா மௌத்தானது ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு. மறுநாள் ஜும்ஆ முடிய ஜனாஸாவை மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். உம்மா இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும். காக்கா கத்தாரில். வாப்பாவின் கடதாசி வேலைகள் எல்லாம் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் கையில் வந்து சேர்ந்தன. துணைக்கு மாமா வந்தார்.

வாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். 2004 டிசம்பர் 26க்கு முன் நாங்கள் பூநொச்சிமுனையில் கடலோரத்தில் இருந்தோம். அன்று கடல் வீட்டோடு கடதாசிப் பெட்டியையும் கொண்டுபோய்விட்டது. பிறகுதான் காத்தான்குடியில் ஆற்றங்கரைப் பக்கம் குடிவந்தோம். வெளியூர்க்காரர் மட்டக்களப்பு வாவி என்பதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடல் தந்த பாடத்தால் வாப்பா எல்லாச் சான்றிதழ்களுக்கும் புதிய பிரதி எடுத்து ஒரு கோவையில் போட்டு வைத்திருந்தார். உள்மட்டையில் ஓய்வூதிய இலக்கம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், கடைக் கடன் எவ்வளவு என்பதெல்லாம் அவருடைய கரும்பலகை எழுத்தில் இருந்தன.

முதல் வேலை மரணத்தைப் பதிவது. வீட்டில் நடந்த மரணம் என்பதால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போனோம். மூன்று மாதத்துக்குள் பதிந்தால் இலகு. அதற்குப் பிறகு காலங்கடந்த பதிவு, அதற்கு அலைச்சல் கூட. சான்றிதழில் வாப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொன்னார் பதிவாளர். கண்ணீரில் எழுத்துகள் கலங்கின. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பிழையில்லை.

அடுத்த மாதம் பத்தாம் திகதி வாப்பாவின் பென்ஷன் வழமைபோல் வங்கியில் விழுந்தது. நாங்கள் இன்னும் அறிவித்திருக்கவில்லை. வங்கி அட்டை வீட்டில் இருந்தது. இரகசிய இலக்கமும் எனக்குத் தெரியும். அரிசி முடிந்திருந்தது, என் டியூஷன் காசும் இரண்டு மாதம் பாக்கி. “எடுத்துப்போட்டா யாருக்குத் தெரியும்? எல்லாரும் செய்றதுதானே” என்றார் ஒரு சொந்தக்காரர். நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

“அது உசிரோட இரிக்கிற வாப்பாக்கு வந்த காசி, மகள். வாப்பா எங்க இரிக்காரு?”

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மறுநாள் மாமாவும் நானும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் மரணச் சான்றிதழைக் கொடுத்துப் பென்ஷனை நிறுத்தினோம். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே வருமானத்தை நானே கையெழுத்துப் போட்டு நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது கால் நடுங்கியது. மிகையாக வந்த பணத்தை அரசு எப்படியும் திருப்பி அறவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். உம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அமானிதம் என்றால் என்னவென்று தெரியும்.

உம்மாவின் விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. விவாகச் சான்றிதழில் உம்மாவின் பெயர் ‘உம்மா’ என்று முடிகிறது. அடையாள அட்டையில் ‘பீபி’ என்று முடிகிறது. எப்போதோ யாரோ எழுதிய ஒரு சொல். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த இருவரைக் கடதாசியில் அந்நியராக்கிவிட்டது. வாப்பா தன் பெயரை எல்லா இடத்திலும் சரியாக வைத்திருந்தார். உம்மாவின் பெயரை யாருமே ஒத்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். சமாதான நீதவான் வீட்டுக்கே வந்து உம்மாவின் கையொப்பத்தை எடுத்தார். ஆனால் ஒரு நாள் உம்மா நேரில் வரத்தான் வேண்டும் என்றார்கள். இத்தா முடியட்டும் என்று சிலர் சொன்னார்கள். மாமா மௌலவியிடம் கேட்டார். தவிர்க்க முடியாத தேவைக்குப் பகலில் போய்விட்டு வீடு திரும்ப மார்க்கத்தில் இடமுண்டு என்றார் அவர்.

வெள்ளை உடுப்போடு உம்மா ஓட்டோவில் ஏறினார். அலுவலகத்தில் லிகிதர் பெண்பிள்ளை, “உங்கட பேரு என்ன உம்மா?” என்று கேட்டார். உம்மா திகைத்து, “ஸேர்ர பொஞ்சாதி” என்றார். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் அறிவார்கள். பிறகு மெதுவாகத் தன் பெயரைச் சொன்னார். உம்மா தன் முழுப் பெயரையும் சொல்ல நான் கேட்டது அன்றுதான்.

சில மாதம் கழித்துப் பணம் வந்தது. அது யாரும் போடும் ஸதகா அல்ல. 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. வாப்பாவின் சம்பளத்தில் மாதா மாதம் கழித்த காசு அதில் இருக்கிறது. தனியார் துறையில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம் செலுத்துவது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்துவார். ஆற்றில் வலை வீசும் எங்கள் சாச்சாவுக்குச் சம்பளமும் இல்லை, கழிவும் இல்லை. சாச்சியைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

காக்கா அனுப்பிய காசில் முதலில் அடைத்தது வாப்பா கோவையில் எழுதிவைத்த கடைக் கடனைத்தான். ஜனாஸாச் செலவு, கடன், பிறகு வஸிய்யத், அதற்குப் பிறகுதான் வாரிசுகளின் பங்கு. பாடப் புத்தகத்தில் மனனம் செய்த வரிசையை அன்று வீட்டில் பார்த்தேன்.

தோழிகளே, வாப்பா உம்மாவிடம் மௌத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். அதைப் பேச வேண்டாம். “என்ட அடையாள அட்டைக்குப் பெயர் ஒத்துப் பார்க்கணும்” என்று சொல்லிக் கோவையை எடுங்கள். உங்கள் பெயரைப் பார்த்த கையோடு உம்மாவின் பெயரையும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, மூன்றிலும். பிழை இருந்தால், திருத்தக் கையெழுத்துப் போட வாப்பா பக்கத்தில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.